புள்ளையாருக்குக் கறுப்பு நாமம்

பட்டாபியின் வயிற்றெரிச்சலுக்கு ஒரு சத்தம் உண்டு. "டீக்."

காலையில் அவன் ஏ.சி. அறைக்குள் வந்து உட்கார்ந்து, கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பி, பெருமாளை ஒரு தடவை நினைத்துக்கொண்டு எக்செல்லைத் திறக்கும் நேரத்தில், வெளியே குடோனிலிருந்து முதல் டீக் கேட்கும். அது ஹேமந்த். கொஞ்சம் தள்ளி இன்னொரு டீக். அது கருப்பன் மேஸ்திரி. மதியத்துக்குள் குடோன் முழுக்க டீக் டீக் என்று பல்லி சொல்லும். பல்லி சொன்னாலாவது பலன் பார்க்கலாம். இதற்குப் பஞ்சாங்கத்தில் ஒன்றும் போடவில்லை.

மாமல்லபுரத்திலிருந்து திருவிடந்தை போகும் வழியில், சவுக்குத் தோப்பை ஒட்டி இருந்தது செங்கல்வராயனின் கற்சிலை ஏற்றுமதிக் கம்பெனி. கூரைக்குக் கீழே பாதி, வெட்டவெளியில் பாதியாகப் பிள்ளையார்களும் புத்தர்களும் யானைகளும் நடன மாதர்களும் கப்பலுக்குக் காத்துக்கொண்டிருப்பார்கள். யார் எந்த மூலையில் நிற்கிறார்கள் என்று பட்டாபியின் எக்செல் சொல்லும். எக்செல் சொல்கிற மூலையில் அவர்கள் நிற்க மாட்டார்கள். அது வேறு விஷயம்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஆடி மாதத்தில், பெரிய யானை போக வேண்டிய இத்தாலிக்குச் சின்ன யானை போய்ச் சேர்ந்தது. முதலாளி எல்லாரையும் நிற்க வைத்துக் கத்தினார். கத்தல் ஓய்ந்ததும் ஹேமந்த் வாயைத் திறந்தான்.

"சார், எல்லாச் சிலைக்கும் பார்கோடு போட்டுடலாம். சூப்பர் மார்க்கெட்ல அடிக்கறாங்களே, அது."

"சூப்பர் மார்க்கெட்ல சோப்பு கவுண்டருக்கு வரும். நம்ம நந்தி வருமாய்யா?"

"வராது சார். அதான் கவுண்டர நந்திகிட்ட எடுத்துகினு போறோம். கைல புடிக்கற மிஷின் கீது. உள்ளயே கம்ப்யூட்டரும் கீது."

செங்கல்வராயன் அவனை ஒரு பார்வை பார்த்தார். பட்டாபி ஐந்து வருஷமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்த பார்வை அது. நாற்காலி மாறி விழுந்துவிட்டது.

இதில் கொடுமை என்னவென்றால், ஹேமந்தை அங்கே சேர்த்துவிட்டதே பட்டாபிதான். செங்கல்பட்டுக் கல்லூரியில் இருவரும் மூன்று வருஷம் ஒரே பெஞ்ச், ஒரே பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ். பட்டாபி முதல் வகுப்பு. ஹேமந்த் அரியர்ஸ். படாளம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த ஆபிரகாமின் மகன் அவன். கடைசி அரியரையும் முடித்துவிட்டுச் சும்மா இருந்தவனை, "பாவம் சார், நல்ல பையன்" என்று சொல்லிப் பட்டாபிதான் முதலாளியிடம் கூட்டி வந்தான். அந்தப் 'பாவம்' என்ற சொல்லைத்தான் இப்போது திரும்ப வாங்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தான்.

உதவி செய்கிறவனுக்கு நியாயமான எதிர்பார்ப்பு ஒன்று உண்டு. உதவி பெற்றவன் நன்றாக இருக்க வேண்டும். தன்னைவிட ஒரு படி கீழே நன்றாக இருக்க வேண்டும். ஹேமந்துக்கு இந்தப் படிக்கணக்கு பிடிபடவில்லை. கணக்குப் பேப்பரில்தான் அவனுக்கு அரியர்.

மிஷின்கள் இரண்டு வந்தன. சோப்பு டப்பாவைவிடச் சற்றே பெரிய உடம்பு, வயிற்றில் தொடுதிரை, அதைக் குத்த ஒரு குச்சி, உச்சந்தலையில் கண்ணாடி போட்ட சிவப்புக் கண். இடுப்பில் துப்பாக்கி மாதிரி மாட்டிக்கொள்ள உறை. இரண்டு என்றதும் பட்டாபிக்குக் கணக்குச் சுலபமாக இருந்தது. ஒன்று ஹேமந்துக்கு, ஒன்று தனக்கு. முதல் நாளே பெல்ட்டில் கூடுதலாக ஓர் ஓட்டை போட்டுக்கொண்டு வந்தான்.

இரண்டாவது மிஷின் கருப்பன் மேஸ்திரியின் இடுப்புக்குப் போயிற்று.

"டேய், எனக்கு?" என்றான் பட்டாபி, கேட்காதது மாதிரி.

"உனக்கு இன்னாத்துக்கு மச்சான்? இது கல்லாண்ட போறவங்களுக்குடா. நீ ஜில்லுனு ரூம்ல உக்காந்துகினு கீற."

நியாயமான பதில். நியாயமான பதில்களை மட்டும் பட்டாபியால் பொறுத்துக்கொள்ளவே முடியாது.

கருப்பன் அன்று முழுக்கக் கையில் கிடைத்ததையெல்லாம் அடித்துப் பார்த்தார். பீடிக்கட்டு, பிஸ்கட் பாக்கெட், வசுமதியின் பவுடர் டப்பா. வசுமதி அச்சரப்பாக்கத்துப் பெண். கம்பெனியின் இங்கிலீஷ் கடிதங்களும் கப்பல் காகிதங்களும் அவள் பொறுப்பு. சிரிக்காமல் சிரிக்க வைக்கிற முகம்.

"மேஸ்திரி, என்னை அடிச்சிடாதீங்க. வயசு காட்டிடப் போவுது" என்றாள்.

ஜன்னல் கண்ணாடி வழியாகப் பட்டாபி இதையெல்லாம் பார்த்தான். அவன் பெல்ட்டில் அந்தக் கூடுதல் ஓட்டை சும்மா இருந்தது.

ஆனால் வேலை எடுத்த எடுப்பில் ஓடிவிடவில்லை. அதில் பட்டாபிக்குக் கொஞ்ச நாள் நிம்மதி கிடைத்தது. கல்தூளும் கடல்காற்றும் சேர்ந்து, ஒட்டிய ஸ்டிக்கரைச் சாயங்காலத்துக்குள் உரித்துப் போட்டன. வெயிலில் சிவப்புக் கண்ணுக்குக் கோடு தெரியவில்லை. அதற்குக் கருப்பன் தன் துண்டை விரித்து நிழல் பிடிக்க, துண்டுக்குள் ஹேமந்தும் நடன மாதுவும் தலையோடு தலை வைத்துக்கொண்டு நிற்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் காதல் விவகாரம் மாதிரி இருக்கும்.

ஸ்டிக்கரை எங்கே ஒட்டுவது என்பது அடுத்த பிரச்சினை. "வழவழன்னு கீற எடமாப் பாத்து ஒட்டுங்க" என்று ஹேமந்த் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான். ஒரு பிள்ளையாரின் உடம்பிலேயே ரொம்ப வழவழப்பான இடம் நெற்றி. கருப்பனின் ஆட்கள் இரண்டு வரிசைப் பிள்ளையார்களுக்கும் நெற்றியில் ஒட்டி முடித்தார்கள். வெள்ளைத் தாளில் நெட்டுக்குத்தாகக் கறுப்புக் கோடுகள்.

செங்கல்வராயன் சுத்தமான முருக பக்தர். காரிலிருந்து இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாய்யா இது! புள்ளையாருக்கு நாமம் போட்டு வெச்சிருக்கீங்க!"

பட்டாபி ஏ.சி. அறையிலிருந்து அவசரமாக வெளியே வந்தான். இந்த மாதிரி நல்ல காட்சிகளை நேரில் பார்ப்பதே மரியாதை.

"சார், அது பார்கோடு" என்றார் கருப்பன்.

"எந்தக் கோடா இருந்தா இன்னா? நெத்தில நேரா கீதே!"

"வடகலையா தென்கலையான்னு பட்டாபி சார் வந்து பாத்துச் சொல்லட்டும் சார்" என்றாள் வசுமதி.

முதலாளி ஒரு கணம் முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். ஹேமந்த் ஓடி வந்து மன்னிப்புக் கேட்டு, அதே மூச்சில் வழியும் சொன்னான். ஸ்டிக்கரைப் பிளாஸ்டிக் வில்லைக்குள் வைத்து மூடி, அரைஞாண் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டிவிடலாம். உரியாது, காற்றுக்குப் பறக்காது, யாருடைய நெற்றிக்கும் வம்பு வராது. ஒரே வாரத்தில் புத்தர் உட்பட எல்லாரும் கறுப்பு அரைஞாண் கட்டிக்கொண்டார்கள். முதலாளி ஹேமந்தின் முதுகில் தட்டினார். அந்தத் தட்டு ஏ.சி. அறைக்குள் இருந்தவன் முதுகில் விழுந்தது.

குடோனில் அன்றுமுதல் பார்கோட்டுக்குப் பெயரே நாமம் என்றாயிற்று. "அண்ணாத்த, அந்த யானைக்கு நாமம் போட்டாச்சா?" என்று ஆட்கள் கத்துவார்கள். திருவிடந்தை சன்னதித் தெருவில் பிறந்து வளர்ந்த பட்டாபி அதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்க வேண்டியிருந்தது என்பதை எக்செல்லில்கூட எழுத முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தொட்டில். சாயங்காலம் மிஷினைக் கொண்டுவந்து உட்கார வைக்கும் பீடத்துக்குக் கம்பெனிக்காரன் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் தொட்டில். அதில் வைத்தால்தான் அன்று அடித்ததெல்லாம் கம்ப்யூட்டருக்குள் இறங்கும், மிஷினுக்கும் சார்ஜ் ஏறும். கரெண்ட் போனாலும் சாகாத பிளக் பட்டாபியின் மேஜையில் மட்டும்தான் இருந்தது. ஆகவே தொட்டில்களும் அங்கேயே வந்தன.

"சார், கொஞ்சம் மெதுவாத் தட்டு. புள்ள தூங்குது" என்று கருப்பன் கீபோர்டைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போவார். ஹேமந்த் பெற்ற பிள்ளை பட்டாபியின் மேஜையில் தூங்கிற்று. தூங்கிக்கொண்டே பச்சை விளக்கை மினுக்கி மினுக்கிக் காட்டிற்று. பட்டாபி அதற்கு எதிரே உட்கார்ந்து, யாரும் இப்போது கேட்காத எக்செல்லை நிரப்பினான்.

இதெல்லாம் போகட்டும் என்று விட்டிருப்பான், இத்தாலி மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால்.

ஜனவரியில் இத்தாலியில் கல் கண்காட்சி. முதலாளி ஒருவனைத் தன்னோடு கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தார். "ஆயுத பூஜை முடியட்டும். அந்தக் கிளாரா அம்மாவும் விஜயதசமிக்கு வருது. நம்ம குடோனப் பாக்கட்டும். அப்பறம் யாருன்னு சொல்றேன்." கிளாரா என்பது இத்தாலியில் இவர்களிடம் சிலை வாங்குகிற அம்மையார். சின்ன யானை போய்ச் சேர்ந்ததும் அவரிடம்தான்.

பட்டாபி இந்தப் பயணத்துக்கென்றே பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தான். அவன் அம்மா ரங்கநாயகி ஊருக்குச் சொல்லியும் முடித்துவிட்டாள்.

"ஏன்டா, அந்த ஊர்ல தயிர் கிடைக்குமோ?"

"இன்னும் யார் போறதுன்னே சொல்லலம்மா."

"வேற யாரு போவா? தெரு முழுக்க உன்னைத்தானே சொல்லிண்டிருக்கா. அந்த ஹேமந்துக்கு நீதானே வேலை வாங்கிக் குடுத்தே?"

பட்டாபி சாதத்தைப் பிசைந்தபடியே இருந்தான். அவன் அப்பா கோயில் கைங்கரியத்தில் இருந்தவர். அவருக்குப் பின் அவன் வருவான் என்று எதிர்பார்த்தார். "மணி ஆட்டறதுக்கா பி.எஸ்ஸி. படிச்சேன்?" என்று பட்டாபி ஒருநாள் வீட்டு நடுவில் நின்று கேட்டுவிட்டான். அந்தக் கேள்விக்கு இதுவரை அவனிடமே பதில் இல்லை. இத்தாலி போய் வந்தால் பதில் கிடைத்துவிடும். அதைத் தெருவும் பார்க்கும். போகாமல் ஹேமந்த் போனால், தெரு அதையும் பார்க்கும்.

ஆயுத பூஜை வந்தது.

கிரேன், கல் அறுக்கும் மிஷின், லாரி, எடைமேடை, கம்ப்யூட்டர் என்று எல்லாவற்றையும் கழுவித் துடைத்து மாலை போட்டார்கள். அந்தக் கம்பெனியில் இதற்கு ஒரு கண்டிப்பான வழக்கம் இருந்தது. வைத்த பொட்டை யாரும் துடைக்கக் கூடாது. தானாகக் காய்ந்து தானாக உதிர வேண்டும். முன்பொரு வருஷம் எவனோ கிரேனின் பொட்டைத் துடைத்தான். மறுநாளே சங்கிலி அறுந்து, தும்பிக்கையோடு இருந்த யானை தும்பிக்கை இல்லாமல் கப்பலேறியது. அதிலிருந்து முதலாளிக்குப் பொட்டு என்றால் பயம்.

"ஐயரே, பூஜைய நீதான் பண்ணணும்" என்றார் செங்கல்வராயன் வழக்கம்போல. பட்டாபி ஐயங்கார் என்று பல வருஷம் சொல்லிப் பார்த்துவிட்டான். முதலாளிக்குப் பூணூல் போட்ட எல்லாரும் ஐயர்தான்.

வாழையிலையில் கடைசியாக இரண்டு மிஷின்களையும் கொண்டுவந்து வைத்தவன் ஹேமந்த். "மச்சான், நம்ம புள்ளைங்களுக்கும் வெச்சிடு" என்று சொல்லிவிட்டுப் பொரி வாங்கப் போனான்.

பட்டாபி மோதிர விரலில் சந்தனத்தை எடுத்தான். மிஷினைப் பார்த்தான். எந்தப் பொருளுக்கும் பொட்டு வைக்க ஒரு நெற்றி வேண்டும். லாரிக்குக் கண்ணாடி, கம்ப்யூட்டருக்குத் திரையின் மேல்விளிம்பு. இந்த மிஷினுக்கு நெற்றி எது என்று சாஸ்திரம் சொல்லவில்லை. சொல்லாத இடத்தில் செய்கிறவன் மனசாட்சிப்படி செய்துகொள்ளலாம். பட்டாபியின் மனசாட்சி நேராகச் சிவப்புக் கண்ணைக் காட்டியது.

சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்துக் கண்ணாடி முழுக்க அப்பினான். நடுவில் குங்குமம். ஈரம் போகுமுன் இன்னொரு பூச்சு. இரண்டாவது மிஷினுக்கும் அதேபோல், பாரபட்சம் இல்லாமல். பிறகு கற்பூரம் காட்டினான். முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். கருப்பன் போட்டுக்கொண்டார். பொரியோடு வந்த ஹேமந்தும் பணிவாகக் கைகட்டி நின்றான். இவ்வளவு திருப்தியாகப் பட்டாபி அந்த வருஷம் எந்தச் சாமியையும் கும்பிட்டதில்லை.

மறுநாள் விஜயதசமி. மறுபூஜை செய்ய வேண்டியிருந்ததால் பட்டாபி பஞ்சகச்சம், மேலே துண்டு, நெற்றியில் நாமத்தோடு வந்திருந்தான். கிளாரா அம்மையார் காரிலிருந்து இறங்கினார். மாலை, இளநீர், வசுமதியின் இங்கிலீஷ் எல்லாம் முடிந்ததும் முதலாளி தொண்டையைச் செருமினார்.

"ஹேமந்து, காட்டுய்யா."

ஹேமந்த் உறையிலிருந்து மிஷினை உருவினான். ஒரு நடன மாதுவின் அரைஞாணைக் குறி பார்த்தான். பொத்தானை அமுக்கினான்.

சத்தம் இல்லை.

மறுபடி அமுக்கினான். கருப்பன் தன் மிஷினை எடுத்துப் புத்தரிடம் நீட்டினார். புத்தர் எப்போதும்போல் அமைதியாக இருந்தார். மிஷினும் அப்படியே.

"இன்னா சார் இது, புள்ள அழ மாட்டேங்குது?" என்றார் கருப்பன்.

ஹேமந்த் மிஷினைத் திருப்பித் தலையைப் பார்த்தான். பிறகு பட்டாபியைப் பார்த்தான். மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். பரீட்சை ஹாலில் பார்வையாலேயே பிட்டுக் கேட்டவர்கள். ஹேமந்துக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்பது பட்டாபிக்கும் தெரிந்துவிட்டது.

ஹேமந்த் கட்டைவிரலைக் கண்ணாடி மேல் கொண்டுபோனான்.

"சார் சார்! தொடைக்காத! சாமி பொட்டு!" என்று கத்தினார் கருப்பன்.

விரல் நின்றது. அது ஆபிரகாமின் மகனுடைய விரல் என்பது அந்த நிமிஷம்வரை அந்தக் குடோனில் யாருக்கும் ஞாபகத்தில் இருந்ததில்லை. இப்போது எல்லாருக்கும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தது. ஹேமந்துக்கும் வந்தது. அவன் விரலை மெதுவாக மடக்கிக்கொண்டான்.

இது பட்டாபியின் திட்டத்தில் இல்லை. அவன் மிஷினின் கண்ணை மட்டும்தான் மூட நினைத்தான். ஒரு கணம் உள்ளே என்னமோ குத்தியது. ஆனால் கேட்காமல் கிடைத்த லாபத்தைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் அவனுக்கு இல்லை.

"மச்சான், நீ வெச்சதுதானே. நீயே தொடச்சி உடேன்" என்றான் ஹேமந்த், தாழ்ந்த குரலில்.

"வெக்கறதுதான்டா நம்ம கைல. எடுக்கறது அவன் கைல. தானா உதிரணும்" என்று பட்டாபி மேலே கையைக் காட்டினான். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தது.

செங்கல்வராயன் கிளாராவைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார், கிரேன் சங்கிலியைப் பார்த்தார். துடை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

பட்டாபி இதற்குத்தான் காத்திருந்தான். இடுப்பில் செருகியிருந்த எக்செல் தாள்களை எடுத்தான். "சார், இந்த மாதிரி நேரத்துல கைல ஒரு பேப்பர் இருந்தாத்தான் சார் நல்லது. மேடத்துக்கு என்ன வேணுமாம்?"

மேடத்துக்குத் தோளில் கிளியோடு நிற்கிற பெண் வேண்டும் என்று வசுமதி சொன்னாள்.

"மூணாவது வரிசை, கடைசி. இப்படி வாங்கோ."

பஞ்சகச்சம் முன்னே போக, கம்பெனி முழுக்கப் பின்னால் போயிற்று. மூன்றாவது வரிசையின் கடைசியில் ஒரு நந்தி படுத்திருந்தது. வந்தவர்களை நிதானமாகப் பார்த்தது.

"அந்தக் கிளிப்பொண்ண போன மாசமே சவுக்குத் தோப்பு ஓரமாத் தள்ளிட்டனே சார்" என்றார் கருப்பன். "அப்பவே மிஷின்ல அட்ச்சிட்டனே."

பட்டாபியிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. பட்டாபியும் யாரையும் கேட்டதில்லை. கேட்டால் ஹேமந்தைக் கேட்க வேண்டும்.

அதற்குள் ஹேமந்த் குச்சியை உருவியிருந்தான். திரையில் கிளி என்று தேடினான். நேரே தோப்போரம் நடந்தான். அங்கே கிளிப்பெண் அரைஞாண் கட்டி நின்றுகொண்டிருந்தாள். அவள் வில்லையில் கறுப்புக் கோடுகளுக்கு அடியில் பொடியாக ஒரு எண் இருந்தது. மிஷினுக்குக் கண் தெரியாத நேரத்தில் மனுஷன் படித்துக் கையால் அடிப்பதற்கென்றே எல்லாப் பார்கோட்டிலும் அந்த எண்ணைப் போட்டிருப்பார்கள். ஹேமந்த் குச்சியால் அதைக் குத்தினான். கிளிப்பெண்ணின் எடை, உயரம், கல், போக வேண்டிய பெட்டி எல்லாம் திரையில் வந்து நின்றன. டீக் ஒன்றுதான் வரவில்லை.

முதல் வகுப்பில் தேறிய பட்டாபி இத்தனை நாளும் அந்த எண்களை அழகுக்குப் போட்டது என்றே நினைத்திருந்தான்.

ஹேமந்த் திரையைக் கிளாராவிடம் காட்டினான். அம்மையார் திரையைப் பார்க்கவில்லை. மிஷினின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் சந்தனம், நடுவே சிவப்புக் குங்குமம். வசுமதியிடம் ஏதோ கேட்டார்.

"அது என்னன்னு கேக்கறாங்க சார்" என்றாள் வசுமதி.

முதலாளிக்கு வியர்த்தது. "எதையாவது சொல்லும்மா."

வசுமதி கொஞ்சமும் முகம் மாறாமல் இங்கிலீஷில் நீளமாகச் சொன்னாள். எங்கள் ஊரில் மிஷினுக்கும் வருஷத்தில் ஒருநாள் ஓய்வு உண்டு. அன்று அதற்குப் பூஜை செய்து, அதன் கண்ணை மூடித் தூங்க வைப்போம். அதனால்தான் இன்று கையால் அடிக்கிறோம்.

கிளாரா அம்மையாரின் கை நெஞ்சுக்குப் போயிற்று. காமிராவை எடுத்து மிஷினைப் படம் பிடித்தார், கிரேனைப் பிடித்தார், பொட்டு வைத்த எடைமேடையைப் பிடித்தார். பிறகு இதையெல்லாம் செய்தது யார் என்று கேட்டார்.

"இவன்தான்" என்று ஹேமந்த் பட்டாபியைக் கைகாட்டினான். அவன் குரலில் குத்தல் இருக்கிறதா என்று பட்டாபி கூர்ந்து கேட்டான். இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அம்மையார் பட்டாபியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். நாமம், பூணூல், பஞ்சகச்சம். உணர்ச்சிவசப்பட்டு நிறையப் பேசினார். வசுமதி சுருக்கினாள்.

"பார்கோடு அவங்க ஊர்ல எல்லா எடத்துலயும் இருக்காம் சார். அதுக்குப் பொட்டு வெக்கற ஆளு எங்கயும் இல்லியாம். கண்காட்சிக்கு இவரைத்தான் கூட்டியாரணுமாம். தெனம் காலைல ஸ்டால்ல எல்லாச் சிலைக்கும் பொட்டு வெச்சு மணி ஆட்டணுமாம்." சற்று நிறுத்தி, "இதே டிரஸ்ல" என்றாள்.

"ஜனவரில அங்க பனி கொட்டுமேம்மா" என்றார் முதலாளி.

"சொன்னேன் சார். ஹீட்டர் போட்டுத் தர்றாங்களாம்."

செங்கல்வராயன் கையைத் தட்டினார். "முடிஞ்சு போச்சு! ஐயரே, டிக்கெட் உனக்குத்தான். ஹேமந்து, ஐயரு இனிமே கண்காட்சி, பூஜைன்னு பிசியா இருப்பாரு. குடோன் மொத்தமும் உன் பொறுப்பு. ரூம்ல போய் உக்காருய்யா."

"சூப்பர் மச்சான்! ஜமாய்ச்சிட்டே!" என்று ஹேமந்த் பட்டாபியைக் கட்டிக்கொண்டான். பிறகு காதோரமாக, "அடுத்த வாட்டி கொஞ்சம் தள்ளி வெய்டா. மிஷினுக்கும் கண்ணு முக்கியம்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

வீட்டில் ரங்கநாயகிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியாடா! மணி ஆட்ட மாட்டேன்னே. பெருமாள் உன்னைச் சீமைக்கே அழைச்சிண்டு போய் ஆட்ட வெக்கறார்!" என்று தெருவில் எல்லாரிடமும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அப்பா உள்ளே போனார். தன்னுடைய பழைய வெண்கல மணியைப் புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்து அவன் பெட்டிமேல் வைத்தார்.

மார்கழியில் கண்காட்சிச் சாமான்களைப் பெட்டி கட்டினார்கள். ஸ்டாலில் எப்படி நிற்பது என்று ஒத்திகை பார்க்கச் சொல்லியிருந்ததால், பட்டாபி முழு அலங்காரத்தோடு குடோனில் நடுங்கிக்கொண்டு நின்றான். கிளிப்பெண், யானை, தீபாராதனைத் தட்டு, சந்தனக்கல், மணி என்று எல்லாவற்றிலும் வில்லை தொங்கியது. கருப்பன் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தார்.

"கருப்பா, ஒரு தடவை நான் அடிச்சுப் பாக்கறேனே" என்றான் பட்டாபி.

"ஐயய்யோ, ஹேமந்து சாராண்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம் சார்."

பட்டாபி திரும்பிப் பார்த்தான். கண்ணாடிக்குப் பின்னால், ஏ.சி. அறையில், அவனுடைய நாற்காலியில் ஹேமந்த் உட்கார்ந்து வசுமதி சொன்ன எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தான். மேஜைமேல் தொட்டில் பச்சையாக மினுக்கியது. இத்தாலிக்குப் போகிறவன் வெளியே நின்று, போகாதவனைப் பார்த்து வயிறெரிந்தான்.

"கடைசியா ஒண்ணு கீது சார்" என்றார் கருப்பன், திரையைக் குச்சியால் குத்தியபடி. "சிஸ்டத்துல ஏத்தாம எதுவும் கம்பெனி கேட்டைத் தாண்டக் கூடாதுன்னு முதலாளி ஆர்டர். ஹேமந்து சார் காலைலயே ஏத்திட்டாரு. இந்தா பாரு. பூசாரி, ஒண்ணு. உடையும் பொருள்."

கையில் ஸ்டிக்கரோடு கருப்பன் பட்டாபியைச் சுற்றி வந்தார். வழவழப்பான இடமாகத் தேடினார்.

"முதுகக் காட்டு சார். நெத்தில ஏற்கெனவே நாமம் கீது."

டீக்.